மூன்றாம் மாடி ஜன்னல்

கோத்தன்பர்க், ஸ்வீடன்
18 ஏப்ரல் 1979

அன்புள்ள அக்கா நெவேன்காவுக்கு, தம்பி திரிபோ எழுதுவது.

சுகமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் நம் வழக்கம். இந்த முறை அந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் போதும்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் ரேடியோவில் பூகம்பம் என்றார்கள். நம் கடற்கரை ஊர்களின் பெயர்களை அந்த ஸ்வீடன்காரர் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பினார். நம் ஊர் கோட்டோரை மட்டும் சரியாகச் சொன்னார். மூன்று நாளாக டெலிபோன் கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தேன், அதற்கும் பதில் இல்லை. கப்பல் கட்டும் தளத்தில் என்னோடு வெல்டிங் செய்கிறவன், "உங்க ஊரச் சுத்தி மலை இருக்கே, அது தாங்கிக்காதா?" என்று கேட்டான். "ஆடுனதே மலைதான்யா" என்றேன்.

குன்வோர் உனக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் கோயில் பக்கம் போனது இதுதான் முதல் தடவை.

வீடு நின்றாலும் விழுந்தாலும் நீ உள்ளே போகாதே. முக்கியமாக மேல் மாடிகளுக்குப் போக வேண்டாம்.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
திரிபோ


தோப்ரோத்தா
6 மே 1979

தம்பி திரிபோவுக்கு,

இருக்கிறேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அதுவும் ஆறிவிட்டது. உனக்கும் குன்வோருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று காலை ஏழேகால் இருக்கும். பூசைக்குப் புறப்படுவதற்கு முன் ஈஸ்டருக்குச் சாயம் போட்ட முட்டைகளைக் கிண்ணத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நம் அடுப்படி உச்சி மாடியில் அல்லவா, அங்கிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கடல் வாசல் வழியாக ஊர் மொத்தமும் கோட்டைச் சுவருக்கு வெளியே வந்து நின்றது. எதிர்வீட்டு ஆஞ்ஜெலா ராத்திரி உடுப்பின் மேல் ரோமக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். "எத எடுக்கறதுன்னு தெரியலடி, இதுதான் கைக்கு வந்துச்சு" என்றாள். என் கையைப் பார்த்த பிறகுதான் முட்டைக் கிண்ணத்தோடு வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. படகுத்துறையில் உட்கார்ந்து எல்லோரும் ஆளுக்கொன்று தின்றோம். ஒன்றுகூட உடையவில்லை.

சுவருக்குள் இப்போது யாரும் குடியிருக்கக் கூடாது. எங்களுக்குத் தோப்ரோத்தாவில் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்று தனியாக. ஆஞ்ஜெலா குடும்பம் பக்கத்தில். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையும் ஒரு கூடாரத்துக்கு வந்துவிட்டது.

வீடுகளுக்கு வர்ணக் குறி போட்டுப் போகிறார்கள். பச்சை என்றால் குடியிருக்கலாம், சிவப்பு என்றால் இடிப்பு. நமக்கு மஞ்சள், பழுது பார்த்துக்கொள்ளலாம். அப்பா இரண்டு பேர் பேரிலும் எழுதிவைத்ததால் உன் கையெழுத்தும் வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன்.

மேல் மாடிக்குப் போகாதே என்று எழுதியிருந்தாய். மூன்றாம் மாடி அறையை நான் பதினேழு வருஷமாகத் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மழை விட்டிருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

நெவேன்கா


கோத்தன்பர்க்
3 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். முழங்கைக்கு மருந்து போட்டாயா? மருந்துக்கடைக்காரியிடம் கேட்கிறேன் பார்.

படிவத்தைப் பற்றி யோசித்தேன். வீட்டை விட்டுவிடலாம் அக்கா. நகராட்சி எடுத்துக்கொள்ளட்டும். இருட்டுப் படி, பாதி நாள் வெயில் எட்டாத சந்து, மழைக்காலம் முழுக்கச் சுவரில் பாசி. நமக்குப் பின்னால் அதில் வாழ யார் இருக்கிறார்கள்? புதிய குடியிருப்பு கட்டுகிறார்களாமே, அதில் உனக்கு ஒன்று கேள். இல்லையென்றால் இங்கே வந்துவிடு. குன்வோரும் அதையே சொல்கிறாள்.

கையெழுத்துப் போடாமல் படிவத்தை என்னிடமே வைத்திருக்கிறேன்.

உன் நலத்தை நினைத்தபடி
திரிபோ


தோப்ரோத்தா
8 ஜூலை 1979

தம்பி திரிபோவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. டிரெய்லரில் வெக்கை. பகலில் கடலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நமக்குப் பின்னால் யார் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பின்னால் யார் என்று நான் பார்க்கவில்லை. ஐம்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தேன், இன்னும் கொஞ்ச காலம் இருப்பேன். அதற்குத்தான் கூரை கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்க இரண்டு மணி நேரம் அனுமதி கிடைத்தது. தலையில் இரும்புத் தொப்பி மாட்டிவிட்டார்கள். கூட வந்த இன்ஜினியருக்கு என் வயது இருக்கும். "மேல ஏற வேணாம்மா, படி சரியில்ல" என்றார். "நான் பொறந்த வீடுங்க, எந்தப் படி ஆடும்னு எனக்குத் தெரியும்" என்றேன். "முன்னாடி ஆடின படி வேற, இப்ப ஆடுற படி வேறம்மா" என்றார். ஆனாலும் ஏறினேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

மூன்றாம் மாடி அறைக் கதவு தானாகவே திறந்துகொண்டிருந்தது. நிலை கோணிவிட்டது.

அவள் பெயரை நாம் ஒருவருக்கொருவர் எழுதிப் பதினேழு வருஷம். இப்போது எழுதுகிறேன். ஒசானாவின் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் ரோசா பிரசவத்தில் போனபின் நாலு வருஷம் உன் மகளை நான் வளர்த்தேன். அந்த ஆகஸ்டு நாளில் நான் மேலே அடுப்படியில் கீரை வதக்கிக்கொண்டிருந்தேன். நீ கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்தாய், சதுக்கத்தில் காபி குடிக்கப் போயிருந்தாய். தூங்கி எழுந்த குழந்தை கட்டில் மேல் ஏறி, ஜன்னலுக்குக் குறுக்கே இருந்த கம்பியையும் தாண்டிச் சந்தில் விழுந்தாள். போலீஸ்காரர் அறை வாசலில் நின்று பார்த்தார். கம்பி இருந்த இடத்தில் இருந்தது. "நாலு வயசுக் குழந்தை அதத் தாண்டணும்னா நேரம் ஆகியிருக்குமே, யாரும் பாக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

இதை எழுத வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கம்பி பச்சை நிறம், ஜன்னல் கதவுகளைப் போல. இப்போது போய்ப் பார்த்தால் சிவப்பாக இருக்கிறது. துரு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். துரு இல்லை, பெயிண்ட். இரண்டு முனையிலும் ஈரம் காயும் முன்பே யாரோ பிடித்த விரல் தடம், அப்படியே இறுகியிருக்கிறது. அதற்கு எப்போது வர்ணம் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எடுத்து வந்தவை: என் குளிர்காலக் கோட்டு, அப்பாவின் மாலுமிச் சான்றிதழ், இரண்டு வாணலி.

குன்வோரை விசாரித்ததாகச் சொல்.

நெவேன்கா


தோப்ரோத்தா
16 செப்டம்பர் 1979

தம்பி திரிபோவுக்கு,

நான் எழுதிப் பத்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா? டிசம்பருக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். மழை ஆரம்பித்துவிட்டது, டிரெய்லரின் கூரை தகரம் என்பது இப்போதுதான் காதுக்குத் தெரிகிறது.

நான் சுகம்.

நெவேன்கா


கோத்தன்பர்க்
1 அக்டோபர் 1979

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நான் குன்வோர். உங்கள் மொழி எனக்கு வராது. திரிபோவோடு வேலை செய்கிற உங்கள் நாட்டுக்காரர் ஒருவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். ஜூலையில் வந்த உங்கள் கடிதம் அவர் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. நேற்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, "நீயே அனுப்பிடு" என்றார். அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒன்னுமில்ல, வீட்டுச் சமாசாரம்" என்கிறார். வீட்டுச் சமாசாரத்துக்கு ஒரு மனுஷன் இப்படி மெலிந்துபோவாரா? உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். இல்லை, அவரிடமே கேளுங்கள்.

குளிருக்கு ஒரு கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன்.

மரியாதையுடன்
குன்வோர்


தோப்ரோத்தா
3 பிப்ரவரி 1980

தம்பி திரிபோவுக்கு,

இன்று புனித திரிபோன் திருநாள், உன் பெயர் நாள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

பேராலயம் இன்னும் பூட்டிக் கிடக்கிறது, கோபுரமெல்லாம் விரிசல். ஆனாலும் மாலுமிகள் சங்கத்தார் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து சுவருக்கு வெளியே வட்ட நடனம் ஆடினார்கள். லோவ்சென் மலையிலிருந்து வாடைக்காற்று அடித்தது, அவர்கள் பிடித்து ஆடிய கைக்குட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. குன்வோரின் காலுறை போட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்கு நன்றி சொல்.

படிவம் வந்து சேர்ந்தது. வசந்தத்தில் வேலை தொடங்கும் என்கிறார்கள்.

ஜூலையில் நான் கேட்ட மாதிரியும் கேட்காத மாதிரியும் எழுதியதை இப்போது நேராகக் கேட்கிறேன். அந்தக் கம்பிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது யார்? எப்போது?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

நெவேன்கா


கோத்தன்பர்க்
2 மார்ச் 1980

அக்காவுக்கு,

நான். அன்று காலையில்.

நீ சந்தைக்குப் போயிருந்தாய், அவளையும் கூட்டிக்கொண்டு. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கப்பல்காரன் கண்ணில் துரு பட்டால் கை நிற்காது. கம்பியைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டு வந்து, சுரண்டி, துருவுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட்டை ஒரு பூச்சு பூசிச் சுவரோரம் சாத்தி வைத்தேன். சாயங்காலம் மேலே பச்சை அடித்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெயிலுக்கு ஜன்னலில் திரை தொங்கியது, நீயும் கவனித்திருக்க மாட்டாய்; நான் உன்னிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. சாப்பிட்டதும் நண்பர்கள் கூப்பிட்டார்கள், போய்விட்டேன், அவ்வளவுதான்.

சதுக்கத்தில் கூச்சல் கேட்டு ஓடிவந்தேன். சந்து முனையில் நீ மண்டியிட்டிருந்தாய், டாக்டரும் குனிந்திருந்தார். நான் மேலே பார்த்தேன். ஜன்னல் வெறுமையாக இருந்தது.

முற்றத்துக்குப் பின்பக்க வாசல் உண்டே, அதன் வழியாகப் போனேன். கம்பியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி, கொக்கிகளில் மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் உங்களிடம் வந்தேன். உடனே உயிர் போய்விட்டது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். நான் படியேறியபோது அது எனக்குத் தெரியாது. அவளிடம் வருவதற்கு முன் கம்பியிடம் போனேன், அக்கா.

என் கையெல்லாம் சிவப்பு. நீ அதைப் பார்த்துவிட்டு உன் சமையல் மேலங்கியால் துடைத்துவிட்டாய். இரத்தம் என்று நினைத்தாய்.

போலீஸ்காரர் உன்னைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி சொல்லியிருக்கலாம். அடக்கத்தன்று சொல்லியிருக்கலாம். அப்புறம் கப்பல் ஏறிவிட்டேன். இந்த ஊரில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டேன். ஊருக்கு ஏன் வருவதில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் மேல் இரக்கப்பட்டு நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குன்வோரிடம் நேற்றுதான் சொன்னேன். "உங்க அக்காகிட்ட சொன்னியா?" என்றாள். சொல்லிவிட்டேன்.

திரிபோ


பிர்ச்சான்
4 ஜூன் 1980

அக்காவுக்கு,

நான் எதிர்க்கரையில் இருக்கிறேன். மூன்று மாதம் பதில் இல்லை, வராது என்றும் புரிந்தது. ஆனாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கேப்டனின் விதவை அறை வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் உன் டிரெய்லர்கள் வரிசையாகத் தெரிகின்றன. எது உன்னுடையது என்றுதான் தெரியவில்லை.

நேற்று கோட்டோருக்குப் போனேன். மலைமேல் ஏறும் சுவர் பாதியில் சரிந்து கிடக்கிறது. கடல் வாசலில் காவலர் விடவில்லை. "யாருங்க நீங்க?" என்றார். "இந்த ஊர்க்காரன்" என்றேன். "சீட்டு இருக்கா?" என்றார். இல்லை என்று திரும்பிவிட்டேன்.

சுவரோரச் சந்தையில் உன்னைப் பார்த்தேன். கீரை வாங்கிக்கொண்டிருந்தாய். முடி முழுக்க நரைத்துவிட்டது. பத்தடி தள்ளி ஒரு பனைமரத்தின் பின்னால் நின்றேன், கூப்பிடவில்லை. நீ என்னைக் கவனிக்கவில்லை.

பதினோராம் தேதி வரை இங்கேதான் இருப்பேன். வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுது, போய்விடுகிறேன்.

திரிபோ


தோப்ரோத்தா
5 ஜூன் 1980

திரிபோவுக்கு,

கவனித்தேன். தாடி உனக்குப் பொருந்தவில்லை.

மார்ச்சில் உன் கடிதம் வந்தது. பதில் என்று எட்டுத் தடவை உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டேன். இப்போது சுருக்கமாக எழுதுகிறேன்.

கீரை வதங்கட்டும், இறக்கிவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று அன்று அடுப்படியில் இரண்டு நிமிஷம் நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்தைப் பதினேழு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். அவள் போன அடுத்த வருஷம் படகு மெக்கானிக் ஷ்பீரோ கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டான். நல்லவன். மாட்டேன் என்றேன். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இன்னொன்று எதற்கு என்று நினைத்தேன். தெருவில் யாரும் தங்கள் குழந்தையை என் கையில் கொடுத்ததில்லை. ஆஞ்ஜெலாவும் கொடுத்ததில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கம்பியைக் கழற்றியதற்கு உன் மேல் வருத்தமில்லை. யாரும் அப்படிச் செய்திருக்கலாம். திரும்ப மாட்டினாயே, அதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அது உண்மையாக இருக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நம் தெருக்காரர்கள் எல்லோரும் சந்தைக்கு வருவார்கள். எனக்கு எழுதியதை அவர்களிடம் உன் வாயால் சொல். நான் அங்கே இருக்க மாட்டேன். சொல்லிவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிட வா. வரிசையில் நாலாவது டிரெய்லர். சொல்லவில்லையென்றால் வராதே.

மீன் வாங்கி வைக்கிறேன்.

நெவேன்கா


பிர்ச்சான்
8 ஜூன் 1980

அன்புள்ள குன்வோருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். வேலைக்குப் போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போ, மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நேற்று சந்தையில் சொன்னேன். ஏழு பேர் இருந்தார்கள், தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். முதலில் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெயரைச் சொன்னதும், "அட, நம்ம திரிபோவா! ஸ்வீடன்ல சோறு போடலியா உனக்கு?" என்று ஒருவர் தோளைத் தட்டினார். அதன் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, நிறுத்தாமல். தட்டிய கை எப்போது தோளை விட்டுப் போனது என்று தெரியாது.

எதிர்வீட்டு ஆஞ்ஜெலா கூடையைக் கீழே வைத்தாள். "நீ பக்கத்துலதான நின்ன?" என்றாள். "போலீஸ்காரன் அவளக் கேட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன?" ஆமாம் என்றேன். அவள் கூடையைக் கூட எடுக்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போய்விட்டாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். தக்காளிக்காரி மட்டும் நின்றாள், அவளால் போக முடியாது. "நகந்து நில்லுங்க, வெயில மறைக்கிறீங்க" என்றாள்.

ஒரு மணிக்கு நாலாவது டிரெய்லருக்குப் போனேன். ஆஞ்ஜெலா எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். வாசல் படியில் அக்காவும் அவளும் தோள் ஒட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஆஞ்ஜெலாவின் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் டிரெய்லருக்குள் போய்விட்டாள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தன பேருகிட்ட சொன்ன?"

"ஏழு பேரு."

"ஆஞ்ஜெலா ஒருத்தி போதுமே. உள்ள வா, மீன் ஆறுது."

சாப்பிட்டோம். எண்ணெயும் பூண்டும் போட்டுச் சுட்ட மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு. எனக்கு இறங்கவில்லை. அக்கா தன் மீனைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, என் தட்டில் இருந்ததையும் இழுத்துக்கொண்டாள். முள்ளைப் பிரித்தபடியே, வீட்டுக்கு முதலில் கூரை போடுவார்களாம், அப்புறம் படி, ஜன்னல் எல்லாம் கடைசியில் என்று சொன்னாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். காலுறையைக் காட்டினாள், ஜூன் மாதத்தில். நான் அழ ஆரம்பித்தேன். அவள் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள். நான் அழுது முடிக்கும் வரை கழுவினாள், இருந்ததே இரண்டு தட்டு.

புறப்படும்போது, "செவ்வாக்கிழம பத்து மணிக்கு ரெண்டு பேருக்கு உள்ள போகச் சீட்டு வாங்கியிருக்கேன்" என்றாள். "ஒசானா சாமான எடுக்கணும். நான் ஒருத்தியா எடுக்க மாட்டேன்."

சாமான் எடுத்த மறுநாளே புறப்பட மனமில்லை, அதனால் பதினோராம் தேதி டிக்கெட்டை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று தெரியவில்லை. தளத்தில் போர்மனிடம் சொல்லிவிடு. அக்கா என்னை இருக்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

உன்
திரிபோ